களை கூடிப்போச்சு!

"அகல உழறதைவிட ஆழ உழுனு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று கேட்டார் பெரியப்பா.

"ஆழ உழுதுட்டு அப்புறம் போர்த்திக்கிட்டுத் தூங்கச் சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்டார் அப்பா.

"நீ உழுததெல்லாம் ஒரு உழவா? மண்ணுக்குத் தலை வாரி விட்டே!"

"நீங்க மட்டும் என்ன? களை முளைச்சு, பெரிசாகி, பேரன் பேத்தி எடுத்து, அதுவா செத்து விழற வரைக்கும் காத்திருந்தீங்க!"

"இனிமே உன்கூடப் பேசினா என்னை ஏன்னு கேளு."

"ஏன்னு கேக்கறதுக்குக்கூட நான் பேச மாட்டேன்."

போன அறுவடையன்று நடந்த இந்தப் பேச்சு அந்தச் சிறுமிக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. மக்காச்சோளம் சரியாக விளையாத வருத்தத்தில் அண்ணனும் தம்பியும் களத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் இருவருக்கும் நடுவில், கைக்கு ஒன்றாக இரண்டு டம்ளர் டீயோடு நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு பெரியப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பாகிட்ட சொல்லு, டீ ஆறுதுனு."

அப்பாவும் அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு இருக்குனு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்குத் 'தபால்' என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தது பெரியப்பாவின் மகன். அவனுக்கு எட்டு வயது. அவனுக்கு 'வால்' என்று யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவனைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தானாகவே தோன்றிய பெயர் அது.

இரண்டு குடும்பமும் இருந்தது ஒரே வீட்டில். அதனால் தபாலுக்கு ஓயாத வேலை. "விளக்கை அணைக்கச் சொல்லு", "செருப்பை வழியில விட வேண்டாம்னு சொல்லு", "குறட்டை சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுனு சொல்லு" என்று நாள் முழுக்க ஓட்டம்தான்.

அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் கொத்தனார் வந்தார். கூடத்தின் நடுவில் சாக்கட்டியால் நேராக ஒரு கோடு போட்டார். முற்றத்தில் செங்கற்கள் வந்து இறங்கின.

"இந்த அறுவடை முடியட்டும். சுவர் எழுப்பிடலாம்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு" என்றார் அப்பா.

"கல்லு நல்லா வெந்திருக்கானு பாத்து வாங்கச் சொல்லு உங்க அப்பாவை" என்றார் பெரியப்பா.

கோடு போட்டதில் டிவி பெரியப்பா பக்கம் போனது. ரிமோட் அப்பா பக்கம் வந்தது. கோடு சமையலறை வாசல் வரை போனதும் அம்மாவும் பெரியம்மாவும் இடுப்பில் கை வைத்து ஒன்றாக நின்றுகொண்டார்கள்.

"அடுப்படிக்குள்ள கோடு வந்துச்சுன்னா இந்த வீட்டுல யாருக்கும் சாப்பாடு கிடையாது" என்றார் பெரியம்மா.

கொத்தனார் சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சமையலறை தப்பித்தது.

ஆனால் கூடத்துக்குச் சுவர் வந்துவிட்டால்? தபாலும் வாலும் ஒரே பாயில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதும் இடம் சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் இருந்தது.

"அக்கா, சுவர் வந்துட்டா என் பாதி அந்தப் பக்கமும் உன் பாதி இந்தப் பக்கமும் இருக்குமா?" என்று கேட்டான் வால்.

செங்கல் குவியலைப் பார்க்காமல் இருக்க, தபால் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினாள்.

* * *

வயலிலும் அப்படித்தான். ஒன்றாக இருந்த மண்ணின் நடுவே புதிதாக ஒரு வரப்பு முளைத்தது. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் பெரியப்பா. யார் பக்கம் அதிகம் விளைகிறதோ அவர் சொன்னதே சரி என்று இருவருமே மனதுக்குள் முடிவு செய்திருந்தார்கள்.

பெரியப்பா டிராக்டரில் உளிக்கலப்பையை மாட்டச் சொன்னார். அது உளி மாதிரியே மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, கீழே கல்லாகக் கிடந்த மண்ணைப் பிளந்துகொண்டு போனது. வால் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தான். முழங்கை வரை உள்ளே போனது!

அப்பா சாதாரணக் கொத்துக்கலப்பையால் ஒரே ஒரு முறை ஓட்டினார். "மேல் மண்ணைக் கிளறினா போதும். ஈரம் போகாது" என்றார்.

பெரியப்பா வரப்பில் நின்று பார்த்தார். மீசை துடித்தது. "தபால், இங்க வா. உங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லு. இதுக்குப் பேரு உழவு இல்ல, முதுகு சொறியறது! கீழே மண்ணு இறுகிக் கிடக்கு. வேர் எப்படி இறங்கும்? ஒரு காத்து அடிச்சா மொத்தமும் பாய் விரிச்சுப் படுத்துக்கும். போ, சொல்லு!"

தபால் நடந்தாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வழியிலேயே வார்த்தைகளில் இருக்கும் முள்ளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவாள். முள் இல்லாவிட்டால் சண்டை இல்லை. சண்டை இல்லாவிட்டால் சுவர் இல்லை. அதுதான் அவள் கணக்கு.

ஆனால் இந்த முறை முள்ளைப் பிடுங்கியதும் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"அது வந்து... நீங்க மண்ணுக்கு இதமா முதுகு தேய்ச்சு விட்டிருக்கீங்கன்னு பெரியப்பா சொன்னார்."

"அட!" அப்பாவின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. அவருக்குக்கூட விஷயம் புரியுது."

திரும்பி வந்தபோது பெரியப்பா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் பெரியப்பா."

"ம்." அவர் தம்பி உழுத மண்ணையே பார்த்தார். "உங்க அப்பாகிட்ட இன்னொண்ணும் கேக்கணும்..."

"என்ன பெரியப்பா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "ஒண்ணுமில்ல. விடு."

* * *

விதைத்தார்கள். முளைத்தது. மண்ணைத் துளைத்துக்கொண்டு பச்சை ஊசிகள் எட்டிப் பார்த்தபோது தபாலும் வாலும் வரப்பில் ஏறிக் குதித்தார்கள். ஊசி விரிந்து இலையானது. இலை நாலானது.

சோளத்தோடு சேர்ந்து, கூப்பிடாத விருந்தாளியாகக் களையும் வந்தது.

அப்பா தன் பக்கத்துக் களையை உடனே எடுக்கத் தொடங்கிவிட்டார். களைக்கொத்தின் சத்தம் காலையிலிருந்தே கேட்டது. பெரியப்பா பக்கம் ஒரு அசைவும் இல்லை. "ஆழ உழுதாச்சு. களை விதையெல்லாம் பாதாளத்துக்குப் போயிருக்கும்" என்று அவர் நிம்மதியாக இருந்தார். பாதாளத்துக்குப் போன விதைகள் போக, மீதி விதைகள் மேலே வந்து கை வீசிக்கொண்டிருந்தன.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"தபால்! போய் உங்க பெரியப்பாகிட்ட சொல்லு. கண்ணைத் திறந்து பாக்கச் சொல்லு. களை கூடிப்போச்சு! நாலு இலை விட்டாச்சு, இப்ப எடுக்கலேன்னா எப்ப எடுப்பாராம்? சின்னப் பயிரோட சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரன் பிடுங்கித் தின்னா பயிர் என்னாகும்? முழங்கால் உயரம் வர்ற வரைக்கும்தான் அதுக்கு நம்ம துணை வேணும். அப்புறம் அதோட நிழலே களையை அடக்கிடும். இது தெரியாம இவரெல்லாம் ஒரு விவசாயி! அப்படியே சொல்லு!"

தபால் வீட்டுக்கு நடந்தாள். 'கண்ணைத் திறந்து' என்பது முள். அதை எடுத்தாள். 'இவரெல்லாம் ஒரு விவசாயி' பெரிய முள். அதையும் எடுத்தாள். மற்றதையெல்லாம் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியப்பா கண்ணாடி முன் நின்று சின்னக் கத்தரிக்கோலால் மீசையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"என்ன தபால், என்ன சேதி?"

"பெரியப்பா... அப்பா சொல்லச் சொன்னார்... களை கூடிப்போச்சாம்."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"களையா?" பெரியப்பா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். இடப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினார். "எனக்கா?"

தபால் வாயைத் திறப்பதற்குள் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பல மாதங்களாக அந்த வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு அது.

"அப்படியா சொன்னான்? உங்க அப்பனா? சின்ன வயசுலயே எல்லாரும் சொல்லுவாங்க, அண்ணனுக்குத்தான் களையான முகம்னு. அவன் மட்டும் ஒத்துக்கவே மாட்டான். இப்பவாவது ஒத்துக்கிட்டானே!"

தபால் திகைத்துப்போனாள். இல்லை பெரியப்பா, அது வயல் களை, முகக் களை இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பு! அதை எப்படிக் கலைப்பது?

"ம்..." என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் வால் அவளிடம் ரகசியமாகக் கேட்டான். "அக்கா, எங்க அப்பா ஏன் சோளக்காட்டுக்குப் போறப்போ சென்ட் போட்டுக்கிட்டுப் போறார்?"

* * *

களை வளர்ந்தது. தபாலுக்குத் தூக்கம் குறைந்தது.

ஒரு முறை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பெரியப்பாவிடம் போனாள். "பெரியப்பா, அன்னிக்குக் களைனு சொன்னேனே..."

"ஏன், இன்னும் கூடிருக்கா?" என்று ஆவலாகக் கேட்டார் பெரியப்பா, சீப்பை எடுத்துக்கொண்டே.

வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வாலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு வயலைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. அப்பா பக்கத்துச் சோளம் கரும்பச்சையாக இருந்தது. பெரியப்பா பக்கத்துச் சோளம் களைக்குள் ஒளிந்துகொண்டு, மூச்சு விடவே பயந்த மாதிரி வெளிறி இருந்தது.

"அக்கா, நம்ம எடுத்துடலாமா?"

தபாலின் கண்கள் அகன்றன. "எவ்ளோ பெரிய காடுடா!"

"முழுசும் இல்ல. முடிஞ்ச வரைக்கும்."

வால் வாயிலிருந்து இவ்வளவு நல்ல யோசனை வந்து அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் இருவரும் விடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அம்மா வந்து தபாலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஸ்கூலுக்கு இவ்ளோ சீக்கிரமா? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"பிரேயருக்கு முன்னாடி போகணும்மா!"

பெரியம்மா வாலைக் கவலையோடு பார்த்தார். "இவனுக்குமா? அப்போ ரெண்டு பேருக்கும் சேர்ந்துதான் ஏதோ ஆயிடுச்சு."

பிடி உடைந்த பழைய களைக்கொத்து ஒன்று கிடைத்தது. இன்னொன்றுக்குப் பதில் வால் கையாலேயே பிடுங்கினான். வரப்பை ஒட்டியிருந்த பெரியப்பாவின் மூன்று வரிசைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆள் வந்தால் சட்டென்று வரப்பைத் தாண்டி அப்பா பக்கம் குதித்துவிடலாம்.

"அக்கா! பாரு! எவ்ளோ பெரிய களை!"

வால் வெற்றியோடு தூக்கிக் காட்டினான். வேரோடு ஒரு மஞ்சள் சோள மணியின் கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! அது சோளம்டா!"

"ரெண்டும் புல்லு மாதிரியேதான் இருக்கு! எனக்கு எப்படித் தெரியும்?"

தபால் யோசித்தாள். "பிரேயர்ல நிக்கறோம்ல? வரிசையில நேரா நிக்கறவங்கதான் சோளம். வரிசைக்கு வெளியில நின்னு குதிக்கறவங்க களை."

"அப்போ நான் களையா?" என்றான் வால்.

"பிரேயர்ல நீ களைதான். இங்க சோளத்துப் பக்கம். சீக்கிரம் எடு!"

அன்றைக்கு ஒரு வரிசையில் கொஞ்சம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். விரல் நகமெல்லாம் மண். வகுப்பில் டீச்சர் கையை நீட்டச் சொன்னபோது வால், "சாமி சத்தியமா இது அழுக்கு இல்ல டீச்சர், வேலை" என்றான். சில நாட்களில் மூன்று வரிசையும் சுத்தமாகிவிட்டன. புதிதாக முளைத்ததை இன்னொரு சுற்று வந்து எடுத்தார்கள்.

பிறகுதான் வேடிக்கை தொடங்கியது.

தினமும் பள்ளி விட்டதும் வால் செடிக்குப் பக்கத்தில் போய் நேராக நிற்பான். அவன்தான் அளவுகோல். முதலில் செடி அவன் முழங்காலைத் தொட்டது. அடுத்து இடுப்பு. அடுத்து சட்டைப் பொத்தான்.

"தோள்! அக்கா, தோளுக்கு வந்துடுச்சு!"

"நுனிக்காலில நிக்காதடா, ஏமாத்தாத!"

"நான் நிக்கல! அதுதான் நிக்குது!"

அந்த மூன்று வரிசை வாலின் தலையைத் தாண்டியபோது, பக்கத்தில் களைக்குள் கிடந்த நாலாவது வரிசை இன்னும் அவன் இடுப்பிலேயே இருந்தது. மண் ஒன்று, உழவு ஒன்று, விதை ஒன்று. எடுத்த களை மட்டும்தான் வித்தியாசம். தபால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஏதோ ஒன்று அவளுக்குப் புரியத் தொடங்கியது.

கடைசியில் பெரியப்பாவும் களை எடுத்தார். ஆளே மறையும் அளவுக்கு அது வளர்ந்த பிறகு. வயல் பளிச்சென்று ஆனது. ஆனால் செடிகள் அப்புறம் உயரவே இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு தட்டு வைத்தால் யாருக்கு என்ன லாபம்?

அப்புறம் ஒரு சாயங்காலம் காற்று வந்தது. ஜன்னல்கள் படார் படார் என்று அடித்தன. காற்று ஓய்ந்ததும் எல்லாரும் வயலுக்கு ஓடினார்கள். அப்பா பக்கத்தில், கதிர் விட்டிருந்த செடிகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார் அப்பா. வேர் கீழே இறங்காமல் தட்டு மாதிரி மேலேயே பரவியிருந்தது. மூன்று வரிசைகளும் பெரியப்பாவின் மற்ற செடிகளும் ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றன.

'பாய் விரிச்சுப் படுத்துக்கும்' என்று பெரியப்பா முன்பே சொன்னது தபாலுக்கு நினைவு வந்தது. அந்த முள்ளை அவள்தான் வழியில் பிடுங்கிப் போட்டாள். முள்ளோடு விஷயமும் போய்விட்டது.

வரப்பில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை.

"தபால், உங்க அப்பாகிட்ட... கேக்கணும்..."

"என்ன கேக்கணும் பெரியப்பா?"

"மழை வருமானு" என்றார் அவர். வானம் சுத்தமாக இருந்தது.

* * *

அறுவடை நாள். களத்தில் ஒரு தராசு. அப்பா கதிர்கள் ஒரு பக்கம், பெரியப்பா கதிர்கள் ஒரு பக்கம். நாளைக் காலையில் வருவதாகக் கொத்தனார் சொல்லி அனுப்பியிருந்தார்.

களத்தின் ஓரத்தில் அம்மாவும் பெரியம்மாவும் கதிர் சுட நெருப்பு மூட்டியிருந்தார்கள். அடுப்புக்கு வால் எங்கிருந்தோ மூன்று செங்கல் தூக்கி வந்திருந்தான். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

நிறுத்தார்கள். அப்பா பக்கமும் குறைவு. பெரியப்பா பக்கமும் குறைவு. முள் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது.

"தராசு சரியில்லனு சொல்லு" என்றார் பெரியப்பா.

"தராசு சரிதான், ஆளுதான் சரியில்லனு சொல்லு" என்றார் அப்பா.

தபால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வாலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வயலுக்குள் ஓடினாள். இன்னும் அறுக்காமல் மிச்சமிருந்த வரப்போர வரிசைகளுக்குள் இருவரும் நுழைந்தார்கள். திரும்பி வந்தபோது கை நிறையக் கதிர்கள். களத்தில் போட்டு, மடலைப் பரபரவென்று உரித்தார்கள்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

பெரியப்பாவின் மற்றக் கதிர்கள் நுனியில் வழுக்கையாக இருந்தன. அப்பாவின் கதிர்கள் ஒல்லியாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. ஆனால் இவை! அடி முதல் நுனி வரை, ஒரு இடைவெளி இல்லாமல், மஞ்சள் முத்துகள் இறுக்கி உட்கார்ந்திருந்தன.

"இது எங்க விளைஞ்சது?" அப்பாவும் பெரியப்பாவும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"வரப்பை ஒட்டின மூணு வரிசை" என்றாள் தபால்.

"அப்போ என் காடு! நான் உழுத உழவு!" பெரியப்பா துள்ளினார். "பாத்தியா? ஆழ உழுதா இப்படித்தான்!"

"ஆனா பெரியப்பா, நாலாவது வரிசையும் நீங்க உழுததுதான்." தபால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அதுல இப்படி இல்ல. இந்த மூணுக்கு மட்டும் நாங்க களை எடுத்தோம். முழங்கால் உயரம் வர்றதுக்கு முன்னாடியே. அப்பா சொன்ன நேரத்துல."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் அப்பா.

"பெரியப்பாகிட்ட சொல்லச் சொன்னீங்களே. 'களை கூடிப்போச்சு, இப்பவே எடுக்கணும்'னு. நான்... பாதிதான் சொன்னேன். பெரியப்பாவும் சொன்னார், அப்பா. நீங்க மேலோட்டமா உழறீங்க, வேர் இறங்காது, காத்தடிச்சா சாஞ்சுடும்னு. அதை நான் முதுகு தேய்ச்சு விட்டீங்கனு மாத்திட்டேன். திட்டெல்லாம் எடுத்துட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். திட்டோட சேந்து நல்லதும் போயிடுச்சு."

பெரியப்பா மெதுவாகத் தன் கன்னத்தைத் தொட்டார்.

"அப்போ... களை கூடிப்போச்சுனு அவன் சொன்னது..."

"உங்க காட்டுல, பெரியப்பா."

"என் முகத்துல இல்லியா?"

அப்பாவின் வாயிலிருந்து புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "முகத்துல களையா? உங்களுக்கா? அதுக்குத்தான் அந்த சென்டா?"

"ஏன்டா, இல்லியா? என் முகத்துல களை இல்லியா?"

"இருந்துச்சு அண்ணே, நீங்கதான் நேரத்துல எடுக்காம விட்டுட்டீங்க!"

அம்மாவும் பெரியம்மாவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பெரியப்பாவின் மீசை இரண்டு பக்கமும் விரிந்தது.

"போடா! முதுகு சொறிஞ்சு விட்டவனே! என் பேச்சைக் கேட்டு ஆழ உழுதிருந்தா உன் சோளம் படுத்திருக்குமா?"

"என் பேச்சைக் கேட்டுச் சீக்கிரம் களை எடுத்திருந்தா உங்க சோளம் வழுக்கை விழுந்திருக்குமா?"

"அக்கா!" வால் அலறினான். "நேரா பேசிக்கிறாங்க! ரெண்டு பேரும் நேரா பேசிக்கிறாங்க!"

சட்டென்று இருவரும் நிறுத்தினார்கள். அப்பா துண்டை உதறினார். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு தபால் பக்கம் திரும்பினார். கையில் அந்த மஞ்சள் கதிர் இருந்தது.

"தபால்... உங்க அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும்..."

மறுபடியும் அதே வாக்கியம். உழுத அன்று பாதியில் நின்றது. காற்றடித்த அன்று பாதியில் நின்றது.

தபால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"என்னாச்சு இவளுக்கு?"

"தபால் ஆபீஸ் மூடியாச்சுப்பா" என்று வால் விளக்கினான். "இனிமே திறக்க மாட்டாங்க."

பெரியப்பா தபாலைப் பார்த்தார். அடுப்பாகிவிட்ட செங்கற்களைப் பார்த்தார். நெருப்பில் சோளம் சூடேறி மணந்தது. அம்மா விசிறுவதை நிறுத்தினார். அப்பா குனிந்து, தரையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா களத்தைக் கடந்து வந்து தம்பியின் முன்னால் நின்றார். அந்தக் கதிரை அவர் கையில் வைத்தார்.

"தம்பி," என்றார், "சுவர் வேணாம்டா. அடுத்த தடவை சேந்தே உழலாமா?"